45 ஆண்டு அலமாரியில் கிடந்த தாவர நூல்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதை எடுத்துக்கொள்கிறோம்

முதல் பாகம் 1690 வாக்கில் முடிந்து, 1696ல் ஐரோப்பா போய்ச் சேர்ந்த ஒரு தாவர நூல், 1741ல்தான் அச்சேறத் தொடங்கியது. எழுதியவர் 1702லேயே இறந்துவிட்டார். நூலின் பெயர் ‘ஹெர்பேரியம் அம்போய்னென்சே’, அதாவது அம்போன் தீவின் மூலிகை நூல். எழுதியவர் கெயோர்க் எபெர்ஹார்ட் ரும்ஃபியஸ். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் பிறந்து, கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர்.

இவர் கதையைச் சொல்பவர்கள் பார்வையிழப்பு, நிலநடுக்கம், தீ, மூழ்கிய கப்பல் என்று அடுக்குவார்கள். பட்ட காலிலே படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று தோன்றும். ஆனால் ஆண்டுக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. தீயும் கடலும் சேர்ந்து தின்றது ஏழெட்டு ஆண்டுகள்தான். மீதித் தாமதம் முழுவதும் அலுவலகத்தில் நடந்தது. இந்த ஆய்வு அதைத்தான் பின்தொடர்கிறது.

ஒரு குறிப்பு. ரும்ஃபியஸையும், பொது வரலாற்றில் இடம்பெற்ற சிலரையும் தவிர மற்றவர்களை அவர்கள் செய்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன். சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தர்கள், படம் வரைந்தவர்கள், செடியைப் பிடுங்கிவந்து பயனைச் சொல்லிக்கொடுத்த தீவு மக்கள், பிரதி எடுத்தவர்கள் என்று இதில் கை வைத்தவர்கள் பலர்.

பின்னணி

ரும்ஃபியஸ் பிறந்தது 1627ல். தந்தை கட்டுமானப் பொறியாளர். ஹானாவ் நகரப் பள்ளியில் லத்தீன் உட்பட நல்ல படிப்பு. ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் பதினெட்டு பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். வெனிஸுக்குப் போகிறோம் என்று சொல்லி ஆள் எடுத்தவர்கள் பிரேசிலுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். பிரேசில் போய்ச் சேரவும் இல்லை. போர்ச்சுக்கலில் சில ஆண்டுகள் கழிந்தன. ஊர் திரும்பியவர், 1652 டிசம்பரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராக மறுபடி கப்பலேறினார். மறு ஆண்டு பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. 1654ல் அம்போன்.

அம்போன் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் பின்னால் நடப்பது புரியும். உலகச் சந்தையில் கிராம்பும் சாதிக்காயும் தங்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை. கிராம்பை அம்போனிலும் அதையொட்டிய தீவுகளிலும் மட்டும் வளர்க்கவிட்டு, மற்றத் தீவுகளிலிருந்த மரங்களைப் படகுப் படையோடு போய் வெட்டி அழித்தார்கள். எந்த மரம் எந்தக் கரையில் வளரும் என்பது அங்கே வெறும் தாவரவியல் தகவல் அல்ல, வணிக ரகசியம். செடிகளைப் பற்றி எழுத அப்படி ஓர் இடத்தில்தான் ஒருவர் உட்கார்ந்தார்.

போர்த்தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. சிவில் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு, 1657ல் இளநிலை வணிகர் ஆனார். அம்போன் தீவின் ஹீத்து தீபகற்பத்துக் கரையோரக் கிராமங்களில் வேலை. 1660க்குப் பின் ஹிலாவில். கம்பெனிக் கணக்குப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி, சிப்பி, நண்டு, கல். 1663ல் ஐரோப்பாவிலிருந்து நூல்களும் கருவிகளும் தருவித்துக்கொள்ளக் கம்பெனியிடம் அனுமதி கேட்டுப் பெற்றார். அப்போது பத்தாவியாவில் தலைமை ஆளுநராக இருந்தவர் மாட்சைக்கர். இந்த மாட்சைக்கர் அதற்கு முன் இலங்கையில் ஒல்லாந்தர் ஆளுநராக இருந்தவர்.

நூலை அவர் அப்போது லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தார். ஐரோப்பிய அறிஞர் உலகத்துக்கு எழுதுபவர் யாராயினும் அன்று அப்படித்தான் எழுதியிருப்பார்.

1670: பார்வை போனது

1670ல், 42 வயதில், சில வாரங்களுக்குள் இரு கண்ணிலும் பார்வை போனது. கண் அழுத்த நோய் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹிலாவை விட்டு அம்போன் நகருக்கு வந்தார்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது கம்பெனியுடையது. வேலைக்கு ஆகாதவர் என்று அனுப்பிவிடாமல், பதவியையும் சம்பளத்தையும் தொடர மாட்சைக்கர் அனுமதித்தார். பின்னாளில் எழுத்தர்களும் படம் வரைபவர்களும் கம்பெனிச் செலவிலேயே கொடுக்கப்பட்டார்கள். கம்பெனியைக் குறை சொல்ல இந்த ஆய்வில் நிறைய இடம் வரும். ஆகவே இதையும் சொல்லிவிட வேண்டும். இரக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. சட்டம், உள்ளூர் வழக்கு, மொழி எல்லாம் தெரிந்த ஆள் அவர். அவரை அனுப்புவது கம்பெனிக்கே நட்டம்.

இரண்டாவது முடிவு அவருடையது. லத்தீனில் எழுதியிருந்ததை நிறுத்திவிட்டு, நூலை முதலிலிருந்து டச்சில் சொல்லத் தொடங்கினார். காரணம் எளிது. அவர் சொல்வதைக் கேட்டு லத்தீனில் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஆள் அம்போனில் இல்லை. டச்சு தெரிந்த எழுத்தர் கிடைப்பார். நூலைத் தொடர வேண்டுமானால் வேறு வழியில்லை. இதன் விலை என்ன என்பது முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது.

வேலை நடந்த முறையைக் கொஞ்சம் பார்க்கலாம். இலையைத் தடவி, கசக்கி முகர்ந்து, வாயில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பார். நிறத்தையும் பூவின் அமைப்பையும் பக்கத்திலிருப்பவர் சொல்ல வேண்டும். பார்வை இருந்தபோது பத்தாண்டுக்கு மேல் பார்த்த நினைவு அதோடு சேரும். கொண்டுவந்தவரிடம் பெயரும் பயனும் கேட்பார்: இதன் பட்டையை எதற்கு அரைப்பீர்கள், எந்தக் காய்ச்சலுக்குக் கொடுப்பீர்கள், மீன்பிடிக்கப் போகும்போது இதை ஏன் படகில் கட்டுகிறீர்கள். அதனால்தான் நூலில் செடியின் வடிவத்தோடு மலாய்ப் பெயர், அம்போன் பெயர், சமையல், மருந்து, மந்திரம், மரவேலை எல்லாம் கலந்து வருகின்றன. பார்வையுள்ள ஒருவர் எழுதியிருந்தால் வடிவ விவரம் கூடியிருக்கும். இந்தப் பேச்சு இவ்வளவு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

1674

பிப்ரவரி 17 இரவு, சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது அம்போனில் கடும் நிலநடுக்கம். இடிந்த சுவரின் கீழே அவர் மனைவி சுசன்னாவும் ஒரு மகளும் இறந்தார்கள். அதையடுத்து எழுந்த கடல் அலை ஹீத்துவின் வடகரையை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்கள் 2000க்கு மேல். அந்த இரவைப் பற்றி ரும்ஃபியஸ் எழுதிவைத்த விவரம், இந்தோனேசியப் பகுதியின் ஆழிப்பேரலை குறித்த மிகப் பழைய விரிவான பதிவாக இன்றும் ஆய்வாளர்களால் பயன்படுத்தப்படுகிறது.

தாவரங்களைத் தேடிக் கொண்டுவருவதில் சுசன்னா தொடக்கத்திலிருந்து உதவியவர். ஒரு வெள்ளை ஆர்க்கிட் பூவுக்கு ரும்ஃபியஸ் அவர் பெயரை வைத்தார். அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது: பெக்டெய்லிஸ் சுசன்னே.

நூல் வேலை நிற்கவில்லை. மகன் படம் வரைந்து உதவினார். 1681ல் ஜெர்மனியின் இயற்கை ஆய்வாளர் கழகம், இன்றைய லியோபோல்டினா, அவரை உறுப்பினராகச் சேர்த்து ‘இந்தியாவின் பிளினி’ என்ற பட்டப்பெயரையும் கொடுத்தது. பிளினி என்பவர் இயற்கையைப் பற்றி எழுதிய பண்டைய ரோமானியர். அவர் எழுதிய சிறு கடிதக் குறிப்புகள் சில அந்தக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1687: தீ

1687 ஜனவரி 11 அன்று அம்போன் நகரில் பெருந்தீ. அவருடைய நூலகம், சேகரிப்புகள், பல கையெழுத்துப்படிகள், தாவர நூலுக்காக வரைந்து வைத்திருந்த மூலப் படங்கள் எல்லாம் சாம்பலாயின. மூலிகை நூலின் எழுத்துப் பகுதி பெரும்பாலும் தப்பியது.

இங்கே கவனிக்க வேண்டியது, எல்லாம் ஒரே வீட்டில் இருந்தது. மரமும் ஓலையுமாகக் கட்டிய ஊரில், இருபது ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்கு இரண்டாவது படி கிடையாது. படங்களைப் பிரதி எடுக்க ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான். ஆனாலும் பத்துப் படம் முடிந்ததும் ஒரு கட்டைப் பத்தாவியாவுக்கு அனுப்பும் பழக்கம் இருந்திருந்தால் தீ தின்றது பாதியாகியிருக்கும்.

மறுபடி வரைவது என்று முடிவெடுத்தார்கள். புதிய ஓவியர்கள் வந்தார்கள். தான் பார்க்க முடியாத படத்தைச் சரியா தவறா என்று அவர் எப்படித் தீர்மானித்திருப்பார்? கேட்டுக் கேட்டுத்தான். இலைக்காம்பு எந்தப் பக்கம், நரம்பு எத்தனை என்று ஓவியரிடம் கேட்டு, தன் நினைவோடு ஒப்பிட வேண்டும். புதிதாக வரைந்த படங்களின் தரம் ஒன்றுபோல் இல்லாததற்கு இதுவும் காரணம். மூன்று ஆண்டில் முதல் பாகம் அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டது. தீயால் வந்த தாமதம் அவ்வளவுதான்.

1690 முதல் 1696 வரை: ஒரு பிரதி

முதல் பாகம் பத்தாவியாவுக்குப் போனது. அங்கே தலைமை ஆளுநராக இருந்தவர் யோஹான்னஸ் கம்ப்ஹாய்ஸ். தோட்டம், செடி, சிப்பி என்று அவருக்கும் பித்து உண்டு. ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்புமுன் முழுவதையும் பிரதி எடுக்கச் சொன்னார். நூல் தப்பியது இந்த ஒரு முடிவால்.

1692ல் ‘வாட்டர்லாண்ட்’ என்ற கப்பலில் கையெழுத்துப்படி ஏறியது. பிரான்சுக்கும் நெதர்லாந்துக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரெஞ்சுக்காரர் தாக்கியதில் கப்பல் மூழ்கியது, நூலும் போனது.

பத்தாவியாவில் பிரதி இருந்ததால் அதை வைத்து மறுபடி எழுதி, 1696ல் நெதர்லாந்துக்குக் கொண்டுசேர்த்தார்கள். மீதிப் பகுதிகள் அதன் பின் வந்தன. கடலால் வந்த தாமதம் நான்கு ஆண்டு.

கம்ப்ஹாய்ஸ் எடுத்த முடிவைப் பாராட்டும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அது அலுவலக நடைமுறை அல்ல. தனிப்பட்ட ஆர்வம். அந்த நாற்காலியில் கிராம்பு விலையைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவர் இருந்திருந்தால், 1692ல் கதை முடிந்திருக்கும். 65 வயதுப் பார்வையற்றவர், தீயில் ஒருமுறை இழந்தவர், மூன்றாம் முறை முதலிலிருந்து தொடங்கியிருப்பாரா?

1696 முதல் 1741 வரை: அலமாரி

நூல் கம்பெனி இயக்குநர்களின் கைக்கு வந்தது. படித்தார்கள், கம்பெனி நலனைப் பாதிக்கும் தகவல் இருக்கிறது என்று முடிவுசெய்தார்கள், வெளியிட வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். அவர் எழுதிய அம்போன் நிலவிவரணைக்கும் அம்போன் வரலாற்றுக்கும் ஏற்கெனவே அதே கதிதான்.

1702 ஜூன் 15 அன்று ரும்ஃபியஸ் இறந்தார். 1704ல் தடை தளர்ந்தது. ஆனால் அச்சிட யாரும் முன்வரவில்லை. ஏறக்குறைய 700 படத்தகடுகள், அதுவும் செம்பில் செதுக்க வேண்டும். எழுத்தோ டச்சில், வாங்கக்கூடிய ஐரோப்பிய அறிஞர்களில் பலருக்கு டச்சு தெரியாது. 1670ல் எடுத்த அந்த மொழி முடிவின் விலை இங்கேதான் வந்து நின்றது.

ரகசியம் என்ற காரணம் எவ்வளவு உறுதியானது? ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நூல்கள் இருக்கின்றன.

ஒன்று, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. அதே கம்பெனி, அதே காலம், அதே மாதிரி நூல்: மலபார்க் கரையின் தாவரங்களைப் பற்றியது. 1678ல் தொடங்கி 1693க்குள் 12 தொகுதிகள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிவிட்டன. மலபார் என்றால் மிளகு. அதுவும் கம்பெனிக்கு உயிர்நாடிதான். ஆனால் அதை உருவாக்கிய வான் ரீடே அங்கே கம்பெனித் தளபதி, பிரபு குடும்பத்தவர். தொகுதிகள் வெளிவரத் தொடங்கியபோது நெதர்லாந்திலேயே இருந்தார். பணமும் செல்வாக்கும் போட்டு, லத்தீனிலேயே கொண்டுவந்தார்.

மற்றது ரும்ஃபியஸே எழுதியது. சிப்பி, நண்டு, கற்கள் பற்றிய ‘அம்போன் அரும்பொருள் அறை’. அதுவும் டச்சில்தான். அதை அவர் கம்பெனி வழியாகப் போகவிடாமல், டெல்ஃப்ட் நகர மேயராகவும் மருத்துவராகவும் இருந்த ஒரு சேகரிப்பாளருக்கு அனுப்பினார். 1705ல், ஆசிரியர் இறந்து மூன்றே ஆண்டில், நல்ல படங்களோடு வெளிவந்தது. சிப்பி வாங்கிச் சேர்ப்பது அன்றைய பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதால் விற்கவும் செய்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் முடிவு இது: ரகசியம் முதல் சில ஆண்டுகளை மட்டுமே விளக்குகிறது. 1704க்குப் பின் நூலைத் தடுத்தது யாரும் இல்லை, நகர்த்தவும் யாரும் இல்லை. ஆசிரியர் இறந்துவிட்டார், பிரதி எடுக்கச் சொன்னவரும் இறந்துவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் அந்தக் கையெழுத்துப்படியைத் தன் பொறுப்பு என்று நினைக்க ஓர் ஆள் இல்லை.

அந்த ஆள் 1730களில் கிடைத்தார். யோஹான்னஸ் புர்மன், ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் பேராசிரியர். இலங்கைத் தாவரங்கள் பற்றி 1737ல் நூல் வெளியிட்டவர். கம்பெனிக் காப்பகத்திலிருந்து கையெழுத்துப்படியைப் பெற்று, டச்சுக்குப் பக்கத்திலேயே லத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து, பல பதிப்பகத்தார் கூட்டாகச் செலவை ஏற்க, 1741 முதல் 1750க்குள் ஆறு தொகுதிகள் வெளிவந்தன. 1755ல் ஓர் இணைப்பு. ஏறத்தாழ 1200 தாவரங்கள்.

அச்சுக்குப் பின்

தாமதத்தின் விளைவு உடனே தெரிந்தது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரும்’ 1753ல் வந்தது. இன்றைய தாவரப் பெயரிடலின் தொடக்கப் புள்ளி அதுதான். மலபார் நூலை லின்னேயஸ் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்தார். ரும்ஃபியஸின் நூல் அவருக்குத் தாமதமாகவே எட்டியது. ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரும்’ நூலில் அதை மிகக் குறைவாகத்தான் பயன்படுத்த முடிந்தது. மறு ஆண்டு அவருடைய மாணவர் ஒருவர் ரும்ஃபியஸின் தாவரங்களுக்கு லின்னேயஸ் முறைப்படி பெயர் பொருத்தி ஓர் ஆய்வேடு வெளியிட்டார்.

இன்னொரு சிக்கல் நீண்ட காலம் துரத்தியது. ரும்ஃபியஸ் உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரிகள் எதையும் விட்டுச்செல்லவில்லை. ஈரம், பூச்சி, பூஞ்சை எல்லாம் சேர்ந்த தீவில் அவற்றைப் பாதுகாப்பது கடினம்தான். ஆனால் மாதிரி இல்லாதபோது, ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று உறுதிசெய்ய மிஞ்சியது படமும் விவரணையும் மட்டுமே. அவருடைய படங்களை வைத்துப் பின்னால் வந்தவர்கள் பல பெயர்களைச் சூட்டியிருந்ததால், குழப்பம் பெருகியது. சில பெயர்களுக்கு அவர் நூலின் படமே வகைமாதிரியாக, அதாவது பெயர் எந்தச் செடிக்குரியது என்று தீர்மானிக்கும் சான்றாக, நிற்கிறது.

இதைத் தீர்க்க 1913ல் மணிலா அறிவியல் பணியகத்திலிருந்து ஒரு தாவரவியலாளர் அம்போனுக்கு அனுப்பப்பட்டார். ரும்ஃபியஸ் சொன்ன இடங்களிலேயே போய், சொன்ன உள்ளூர்ப் பெயர்களை வைத்து, செடிகளைப் புதிதாகச் சேகரிப்பது திட்டம். அது வேலைசெய்தது, நிறையச் சேர்த்தார். ஆனால் அந்த ஆண்டின் டிசம்பரில் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் சேகரித்தவற்றை வைத்து அதே பணியகத்தின் தாவரவியலாளர் எல்மர் மெரில் 1917ல் விளக்க நூல் ஒன்றை மணிலாவில் வெளியிட்டார். ரும்ஃபியஸ் உள்ளூர்ப் பெயர்களை அக்கறையாக எழுதிவைத்ததுதான் இருநூறு ஆண்டு கழித்தும் செடியைக் கண்டுபிடிக்க உதவியது. இலை நரம்பு விவரத்தைவிட, தீவுக்காரர்கள் சொன்ன பெயர் சில இடங்களில் நம்பகமான தடயமாக இருந்திருக்கிறது.

எதை மாற்றியிருக்கலாம்

1670க்கும் 1687க்கும் இடையே படங்களைப் பிரித்து வைக்காதது பெரிய குறை. பத்தாவியாவுக்குக் கப்பல்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

டச்சில் சொன்னதை நான் தவறாகக் கருதவில்லை. லத்தீனுக்குக் காத்திருந்தால் நூலே இருந்திருக்காது. ஆனால் மொழிபெயர்ப்பை ஆம்ஸ்டர்டாமில் நூல் வந்து சேர்ந்த பிறகு, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டதற்குப் பதில், 1696லேயே யாரிடமாவது பொறுப்பாக ஒப்படைத்திருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் இயக்குநர்கள், செய்யவில்லை.

முழுமையாக முடித்துத்தான் வெளியிடுவது என்ற பிடிவாதத்தையும் கேள்வி கேட்கலாம். ஜெர்மன் கழகத்தின் ஆய்விதழில் அவர் கடிதங்கள் அச்சானதை மேலே பார்த்தோம். அந்த வழி 1680களிலேயே திறந்திருந்தது. மரவகை சில, மூலிகை சில என்று துண்டு துண்டாக அனுப்பியிருந்தால், லின்னேயஸின் தலைமுறைக்கு முன்பே அவற்றில் ஒரு பகுதி ஐரோப்பியத் தோட்டங்களில் பேசப்பட்டிருக்கும். மூல நூல் எரிந்தாலும் மூழ்கினாலும் அச்சான துண்டுகள் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, ரகசியக் காப்பு. எதை மறைக்க வேண்டும் என்று பட்டியல் போடாமல் முழு நூலையும் பூட்டியதுதான் கோளாறு. கிராம்பு, சாதிக்காய் பற்றிய அத்தியாயங்களை எடுத்துவிட்டு மற்றதை 1697லேயே விட்டிருக்கலாம். நூல் தொடங்குவதே தென்னையிலிருந்து. அதன் பின் சவ்வரிசிப் பனை, துரியன், ஈரப்பலா, மூங்கில், மூலிகைகள், கொடிகள், கடற்பாசிகள் என்று ஆயிரத்துக்கு மேல் போகிறது. அவற்றில் எதையும் எந்தப் போட்டி வணிகரும் கொள்ளையடிக்கக் காத்திருக்கவில்லை.